பெர்னாண்டோ: புத்தளக் கரையின் ஒரு குடும்பப் பெயர்

(சிலாபத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய வடிவம். இடையில் சொன்ன கதைகளும் கேள்வி நேரமும் விடப்பட்டுள்ளன.)



பெர்னாண்டோ, பெரேரா, மென்டிஸ், பீரிஸ் என்ற பெயர்களை நம்மவர்கள் 'இங்கிலீஷ் பேர்' என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். உடப்பில் ஒருவரைக் கேட்டால், "அவங்களுக்கு இங்கிலீஷ் பேர், எங்களுக்குத் தமிழ்ப் பேர்" என்பார். ஆங்கிலேயர் இந்தக் கரையைப் பிடித்தது 1796 அளவில். அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கே பெர்னாண்டோக்கள் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். பறங்கியர் பெயர் என்று திருத்திச் சொல்பவர்களும் உண்டு. அவர்கள் உடனே இன்னோர் அடியும் எடுத்து வைப்பார்கள்: பெயர் பறங்கிப் பெயர் என்றால், இரத்தத்திலும் எங்கேயோ பறங்கிக் கலப்பு இருக்க வேண்டும் என்று. அந்த இரண்டாவது அடிதான் இன்று என் வழக்கு. இந்தக் கரையில் ஒருவருடைய குடும்பப் பெயரைப் பார்த்து அவருடைய முன்னோர் யாருக்குப் பிறந்தார்கள் என்று சொல்ல முடியாது. எந்த ஏட்டில், யாருடைய பொறுப்பில் அவர்கள் பெயர் முதன்முதலாக எழுதப்பட்டது என்பதை மட்டுமே அது சொல்லும். இதை ஆறு கூறுகளாகச் சொல்கிறேன். ஆறும் ஒரே நீளமாக இருக்காது.

1. பெயர் பிறந்த இடம்

பெர்னாண்டோ என்பது ஐபீரியத் தீபகற்பத்துப் பெயர். அதற்கும் முந்திய ஊற்று ஜெர்மானியம். விசிகோத்துக்கள் ஸ்பெயினுக்குள் கொண்டுவந்த பெயர்களில் ஒன்று. பெர்டினாண்டு என்பதும் இதுவும் ஒரே வேர். போர்த்துக்கலில் பெர்னாண்டோ ஆளின் இயற்பெயர். அவருடைய மகன் என்று சொல்ல வேண்டுமானால் பெர்னாண்டெஸ் என்பார்கள். மெண்டோவின் மகன் மென்டெஸ், அதுவே நம் மென்டிஸ். பேரோவின் மகன் பேரெஸ், நம் பீரிஸ். இன்னொரு வகை, இடத்தையும் மரத்தையும் வைத்து வந்த பெயர்கள். சில்வா என்றால் காடு. பெரேரா என்றால் பேரிக்காய் மரம். தென்னையும் பனையும் தவிர வேறெதுவும் உயரமாக வளராத கரையில் எத்தனை பேரிக்காய் மரங்கள் நடமாடுகின்றன, பாருங்கள்.

இங்கிலாந்திலும் இதே வகைகள்தாம். ஜோனின் மகன் ஜோன்சன், கொல்லன் சிமித், குன்றடியில் இருந்தவன் ஹில். அங்கே இந்தப் பெயர்கள் பரம்பரைப் பெயராக உறைந்தது பெரும்பாலும் 12ஆம் நூற்றாண்டுக்கும் 14ஆம் நூற்றாண்டுக்கும் இடையில். 1377 முதல் 1381 வரை தலைவரி வாங்கினார்கள். வரிக்குப் பட்டியல் வேண்டும், பட்டியலுக்கு நிலையான பெயர் வேண்டும். பிறகு 1538இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தோமஸ் குரோம்வெல், ஒவ்வொரு பங்குக் கோயிலிலும் திருமுழுக்கையும் திருமணத்தையும் அடக்கத்தையும் ஏட்டில் எழுதியாக வேண்டும் என்று ஆணையிட்டார். ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எதிர்க்கரையில், முத்துக்குளித்துறையில், பரதவர் கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்ற 1535–37க்கு மறு ஆண்டு அது. இங்கிலாந்தின் உழவனும் தூத்துக்குடியின் முத்துக் குளிப்பவனும் ஒரே தலைமுறையில்தான் கோயில் ஏட்டுக்குள் வந்து சேர்ந்தார்கள். வேறுபாடு ஒன்றுதான். உழவன் ஏட்டுக்குப் போகும்போது தன் பெயரைக் கையோடு கொண்டு போனான். நம்மவனுக்கு ஏட்டுக்குள் போன பிறகுதான் பெயர் கிடைத்தது.

2. ஞானத்தந்தையின் பெயர்

அந்தப் பெயர் யாருடையது? விடை தேட வெகுதூரம் போகத் தேவையில்லை. பெரிய இடத்துப் பெயர்களே சாட்சி. பரதவர் போர்த்துக்கேயரிடம் பாதுகாப்புத் தேடியபோது இடைநின்று வழி சொன்னவர் ஜொவாம் த குரூஸ். கோழிக்கோட்டிலிருந்து லிஸ்பன் சென்று 1513 அளவில் அங்கே கிறிஸ்தவரான குதிரை வணிகர் அவர். ஞானஸ்நானம் பெற்ற பரதவர் சாதித்தலைவரும் பிறகு தொம் ஜொவாம் த குரூஸ் என்றே அழைக்கப்பட்டார். கோட்டை அரசன் தர்மபாலன் 1557இல் கிறிஸ்தவனானான். அவனுக்குக் கிடைத்த பெயர் தொம் ஜொவாம். போர்த்துக்கல் அரசன் மூன்றாம் ஜொவாமின் பெயர் அது. தர்மபாலன் உடலில் லிஸ்பன் அரச இரத்தம் ஓடியது என்று எந்த வரலாற்றாசிரியரும் எழுதியதில்லை. அரசனுக்குப் பொருந்தும் இந்த விதி, அதே ஆண்டுகளில் திருமுழுக்குப் பெற்ற கரையோரக் கரையாருக்கும் பொருந்தும். அரசனுக்கு அரசன் பெயர். படகோட்டிக்குத் துறையில் நின்ற படைவீரன் பெயர், கப்பித்தான் பெயர், பாதிரியார் பெயர்.

இதற்குச் சட்டத் துணையும் இருந்தது. திரெந்து பொதுச்சங்கம் 1563இல், ஞானஸ்நானத்தின்போது தாங்கிப் பிடித்த ஞானத்தந்தை, ஞானத்தாய் யார் என்று பங்குக் குரு கேட்டறிந்து, அவர்கள் பெயரையும் ஏட்டில் எழுத வேண்டும் என்று விதித்தது. காரணம் திருமணத் தடை. ஞானத்தந்தை வீட்டோடு உண்டாகும் உறவு இரத்த உறவு போலவே எண்ணப்பட்டது. அந்த உறவுக்குள் மணம் கூடாது. ஆக ஏட்டின் ஒரே வரியில் பிள்ளையின் பெயரும் பக்கத்திலேயே ஞானத்தந்தையின் பெயரும் உட்கார்ந்தன. ஒரு தலைமுறை கழித்து அந்த வரியைப் படியெடுப்பவருக்கு இரண்டும் ஒரே ஆளின் பெயராகத் தெரிவதில் வியப்பில்லை.

நம் கரைக்கே உரிய சான்று ஒன்று உண்டு. ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல் மாறுவேடத்தில் இலங்கைக்கு வந்தவர் புனித யோசேவ் வாஸ். 1690இல் அவர் புத்தளத்துக்கு வந்தார். புத்தளம் அப்போது கண்டி அரசின் துறை. ஒல்லாந்தர் கை அங்கே நீளவில்லை. 2015 சனவரியில் காலிமுகத்திடலில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது உங்களில் பலர் அங்கே இருந்திருப்பீர்கள். வாஸ் என்பது வாஸ்கோவின் மகன் என்று பொருள்படும் போர்த்துக்கேயப் பெயர். அவரோ கோவாவின் கொங்கணிப் பிராமண மரபில் வந்தவர். நம் வீட்டுச் சுவரில் படமாகத் தொங்கும் புனிதரின் குடும்பப் பெயரே ஞானஸ்நான ஏட்டிலிருந்து வந்ததுதான்.

3. எழுதியவர் கை

பெயரைக் கொடுத்தவர்களைப் பார்த்தோம். அதை நிலைக்க வைத்தவர்கள் வேறு ஆட்கள். எனக்கு அதிக ஈடுபாடு இவர்களிடம்தான்.

1613–14இல் அந்தாவோ வாஸ் பிரெய்ரே என்ற போர்த்துக்கேய அதிகாரி கோட்டை இராச்சியத்து நிலங்களுக்குப் பெரிய தோம்பு ஒன்று எழுதுவித்தார். தோம்பு என்றால் பதிவேடு, சொல்லும் அவர்களுடையதே. ஒல்லாந்தர் வந்ததும் இதை இன்னும் கெட்டிப்படுத்தினார்கள். 1658இல் கடைசிப் போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தை விட்டுப் போனபின், ஒல்லாந்தர் பாடசாலை தோறும் தோம்பு வைத்தார்கள். சட்டம்பியார்தான் எழுத்தர். பிறப்பு, ஞானஸ்நானம், கலியாணம் மூன்றும் அவர் கையால் ஏற வேண்டும். ஏறாவிட்டால் கலியாணம் கலியாணமாகாது, பிள்ளைக்குக் காணி உரிமை இல்லை. மனதுக்குள் கத்தோலிக்கராகவே இருந்தவர்களும் இதற்காகப் பாடசாலை வாசலுக்கு வந்தார்கள்.

அங்கே நடந்திருக்கக்கூடியதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பாருங்கள். சட்டம்பியார் நம் ஊர்க்காரர். "பேரென்ன?" என்கிறார். "அந்தோனி." "யார் மகன்?" "பெர்னாண்டோ மகன்." நமக்கு ஆளைச் சொல்வதென்றால் தகப்பன் பெயரைச் சேர்த்துச் சொல்வதுதானே வழக்கம். அந்தோனி பெர்னாண்டோ என்று எழுதுகிறார். நம் முறைப்படி அந்தோனியின் மகன் சூசை, சூசை அந்தோனியாக வேண்டும். ஏடு அதற்கு விடவில்லை. காணி எந்தப் பெயரில் கிடக்கிறதோ அந்தப் பெயர் மகனுக்கும் வந்தாக வேண்டும். சூசையும் பெர்னாண்டோ ஆனான். தகப்பன் பெயராக வந்தது பரம்பரைப் பெயராக உறைந்தது.

இது என் கருத்து. ஆனால் வெறும் கற்பனை அல்ல. 1961 வரை போர்த்துக்கேய மொழியிலேயே நிருவாகம் நடந்த கோவாவில் பெருகியிருக்கும் பெயர் பெர்னாண்டெஸ், ரொட்ரிகஸ். இலங்கையில் பெருகியிருப்பது பெர்னாண்டோ, ரொட்ரிகோ. அதாவது அங்கே 'மகன்' என்ற விகுதியோடு வந்த குடும்பப் பெயர். இங்கே விகுதி இல்லாத இயற்பெயர். மென்டிஸும் பீரிஸும் விகுதியோடு நிற்கின்றனவே என்று கேட்கலாம். நிற்கின்றனதான். அவை போர்த்துக்கேயன் வாயிலிருந்து குடும்பப் பெயராகவே இறங்கியவை என்பேன். ஒரே ஏட்டில் இரு வழியாகவும் பெயர்கள் வந்து சேரலாம். கோவாவோடு ஒப்பிடும்போது தெரியும் வேறுபாடுதான் எனக்கு முக்கியம்.

எழுத்தர் கையின் வலிமைக்கு வேல்ஸ் நாட்டையும் பாருங்கள். அங்கே மகன் என்பதற்கு 'அப்' என்ற முன்னொட்டு. 16ஆம் நூற்றாண்டில் ஆங்கில நிருவாகம் வந்ததும் 'அப் ரீஸ்' என்ற மனிதர் பிரைஸ் ஆனார், 'அப் ஹவெல்' என்பவர் பவெல் ஆனார். யாரும் விரும்பி மாற்றிக்கொண்டதல்ல. எழுதியவர் காதில் விழுந்தது அப்படி.

நம் பெயரின் எழுத்துக்கூட்டலிலும் கைகள் தெரிகின்றன. தூத்துக்குடியில் நகர்மன்றத் தலைவராக இருந்து ஊருக்குக் குடிநீர் கொண்டுவந்தவரைக் குரூஸ் பர்னாந்து என்று எழுதுவார்கள். இலங்கைத் தமிழில் பெர்னாண்டோ. சிங்கள எழுத்தில் அதே பெயர் 'பிரனாந்து' ஆகிறது. சிலாபத்தில் ஒரே மனிதரின் பிறப்புச் சான்றிதழில் பிரனாந்து, வங்கிப் புத்தகத்தில் ஆங்கில எழுத்தில் பெர்னாண்டோ, பழைய கோயில் ஏட்டில் தமிழில் பர்னாந்து. மூன்றும் அவர்தான் என்று சத்தியக் கடதாசி முடிக்கச் சிலாபம் நீதிமன்றத் தெருவில் காத்திருந்தவர்கள் இந்தச் சபையிலும் இருப்பீர்கள்.

4. எல்லோரும் பெர்னாண்டோ என்றால்

குடும்பப் பெயரின் வேலை ஒரு வீட்டை இன்னொரு வீட்டிலிருந்து பிரித்துக் காட்டுவது. மாரவிலவிலும் வென்னப்புவவிலும் பெர்னாண்டோ அந்த வேலையைச் செய்யாது. கரைவலைப் பாட்டில் பாதிப் பேருக்கு மேல் அதே பெயராக இருந்தால் சம்மாட்டி பங்குக் காசை யார் பெயரில் எழுதுவார்? ஆகவே உண்மையான வேலையை வேறு பெயர்கள் செய்கின்றன. முன்னால் வரும் வம்சப் பெயர் ஒன்று: வர்ணகுலசூரிய, குருகுலசூரிய, மிகிந்துகுலசூரிய, அரசநிலையிட்ட. வாயால் கூப்பிடப் பட்டப்பெயர் ஒன்று. அது எந்த ஏட்டிலும் ஏறாது, ஆனால் ஊரில் அதைச் சொன்னால்தான் ஆள் தெரியும்.

வம்சப் பெயர்களுக்குத் தனிக் கதை உண்டு. 15ஆம் நூற்றாண்டில் ஆறாம் பராக்கிரமபாகு புத்தளத்து முக்குவரை அடக்கத் தமிழ்க்கரையிலிருந்து கரையார் படையை அழைத்துவந்தான் என்று முக்கர ஹட்டன என்ற ஏடு சொல்கிறது. அந்தப் படையின் வம்சத்தார் என்று இந்தப் பெயர்க்காரர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வார்கள். ஏட்டை அப்படியே வரலாறாக எடுக்க நான் தயங்குவேன். பெருமைக்காக எழுதப்பட்ட இடங்கள் அதில் பல. ஆனாலும் போர்த்துக்கேயப் பெயர் வந்தபின்னும் வம்சப் பெயரை இவர்கள் கைவிடவில்லை என்பதை அது நமக்குப் புரியவைக்கிறது. ஒன்று கோயிலுக்கு, மற்றது குலத்துக்கு.

இரண்டும் ஒட்டி நிற்கும் பெயர் ஒன்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். வர்ணகுலசூரிய பட்டபெந்திகே உஷாந்த ஜோசப் சமிந்த வாஸ். கிரிக்கெட் வர்ணனையாளர்கள் நீளத்துக்காக வியந்து வாசிப்பார்கள். நமக்கு இது வரலாற்றின் அடுக்கு. வர்ணகுலசூரிய குலம். பட்டபெந்தி என்பது துறைத் தலைவனுக்குக் கட்டிய பட்டம். தமிழில் பட்டங்கட்டி என்று நாம் சொல்லும் அதே பதவி. ஜோசப் ஞானஸ்நானப் பெயர். உஷாந்த, சமிந்த இரண்டும் 20ஆம் நூற்றாண்டுச் சிங்களப் பெயர்கள். கடைசியில் வாஸ்கோவின் மகன். ஐந்து நூற்றாண்டும் ஐந்து வகை அதிகாரமும் ஒரு பந்துவீச்சாளர் பெயரில் வரிசையாக நிற்கின்றன. மைதானத்தில் அவர் முதுகில் எழுதியிருந்தது கடைசிச் சொல் மட்டும்.

5. ஏட்டுக்கு வெளியே நின்றவர்கள்

வழக்கைச் சோதிக்க எதிர்ச்சான்று வேண்டும். சிலாபத்துக்கு வடக்கே உடப்பு இருக்கிறது. அதே கடல், அதே கரைவலை, அதே வாடி. உடப்பார் ஞானஸ்நானம் பெறவில்லை. மதமாற்றத்துக்கு அஞ்சி இராமேசுவரக் கரையிலிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் மரபு. திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பு இன்றும் ஊரின் பெருவிழா. அங்கே பரம்பரைப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்து மட்டும். கோயில் ஏடு இல்லாத இடத்தில் குடும்பப் பெயரும் இல்லை.

கற்பிட்டியில் வேறு மாதிரி. அங்கே ஒல்லாந்தர் கோட்டையும் அவர்களுடைய சீர்திருத்தச் சபைக் கோயிலும் உண்டு. 1807இல் அங்கே பிறந்தவர் சைமன் காசிச்செட்டி. 1834இல் இலங்கை அகராதி விவரணநூலை ஆங்கிலத்தில் வெளியிட்டவர். 1838இல் சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியானவர். சிலாபத்தில் நீதிபதியாகவும் இருந்தவர். 1859இல் 'தமிழ் புளூட்டாக்'கைத் தந்தவர். ஞானஸ்நானம் பெற்ற குடும்பம், முதற்பெயர் சைமன். ஆனால் குடும்பப் பெயர் தமிழாகவே நின்றது. செட்டிமாருக்கு வணிகக் கணக்கேடு முன்பே இருந்தது. அதில் காசிச்செட்டி என்ற பெயருக்குக் கடன் கிடைக்கும், நாணயம் உண்டு. கையிலிருக்கும் பெயருக்குச் சந்தையில் மதிப்பிருந்தால் அதை யாரும் எளிதில் விடமாட்டார்கள். அதே சமூகத்தில் ரொட்ரிகோபுள்ளே என்றும் ஒரு பெயர் உண்டு; போர்த்துக்கேயமும் பிள்ளையும் ஒரே சொல்லில் கைகோத்துக்கொண்டன.

புத்தளம், கற்பிட்டி முஸ்லிம்களிடம் மரிக்கார், நெய்னா என்ற பெயர்கள் பரம்பரையாக வருகின்றன. அவை பட்டமாகவும் மரியாதையாகவும் தொடங்கிப் பெயரின் வாலாக ஒட்டியவை. அது தனிச் சொற்பொழிவுக்குரிய பொருள்.

6. மொழி மாறியது, பெயர் மாறவில்லை

சிலாபம் மறைமாவட்டம் 1939இல் தனியாகப் பிரிக்கப்பட்டது. 1940 முதல் 1972 வரை ஆயராக இருந்த எட்மண்ட் பீரிஸ் நல்ல வரலாற்றறிஞர். அவர் காலத்தில் இந்தக் கரையின் பங்குப் பாடசாலைகள் தமிழிலிருந்து சிங்களத்துக்கு மாறின. அதற்கு முன்பே மாற்றம் தொடங்கியிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பாட்டி தமிழில் செபமாலை சொன்ன வீட்டில் பேரப்பிள்ளை சிங்களத்தில் மறைக்கல்வி படித்தது. சனத்தொகைக் கணக்கில் அந்த வீடுகள் தமிழரிலிருந்து சிங்களவர் ஆயின. ஒரே வீட்டு அண்ணன் தம்பியில் ஒருவர் மன்னாரில் பெண் எடுத்துத் தமிழராகவும், மற்றவர் நீர்கொழும்பில் எடுத்துச் சிங்களவராகவும் ஆன குடும்பங்கள் உண்டு. இருவரும் பெர்னாண்டோதான். செல்லையாவாகவோ பண்டாரவாகவோ இருந்திருந்தால் பெயரே மறித்திருக்கும். பெர்னாண்டோ இரண்டு மொழிக்கும் அந்நியம் என்பதால் இரண்டிலும் சுமுகமாக நுழைந்தது. இந்த மாற்றத்தில் இழந்தது என்ன, அடைந்தது என்ன என்று இந்த ஊரில் இன்னும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. பேச வேண்டும் என்பது என் எண்ணம்.

இரத்தத்தைப் பெயராலோ மொழியாலோ அளக்க முயல்பவர்கள் புத்தளத்துக்குப் பக்கத்தில் சிறாம்பியடிக்கும் போய்வரலாம். அங்குள்ள மக்களின் முன்னோர் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட படைவீரர்கள். அவர்கள் பாடும் மஞ்சா பாடல்களின் மொழி போர்த்துக்கேயக் கிரியோல். மொழியை நம்பினால் அவர்களை லிஸ்பன்காரர் என்றல்லவா சொல்ல வேண்டும்!

ஏடு எழுதும் வேலை இன்னும் ஓயவில்லை. 1867இல் பிறப்பு இறப்புப் பதிவுக்குச் சட்டம் வந்தது. 1972 முதல் தேசிய அடையாள அட்டை. இப்போது கடவுச்சீட்டு. அதில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம், மற்றப் பெயர்களுக்கு ஒரு கட்டம். உடப்பிலிருந்து கட்டாருக்குப் போகும் பிள்ளைக்குத் தகப்பன் பெயர் முதற் கட்டத்தில் விழுகிறது. விமான நிலையத்தில் தகப்பனைக் கூப்பிட்டால் மகன் எழுந்து போகிறான். மாரவில, வென்னப்புவப் பக்கத்திலிருந்து கடந்த நாற்பது ஆண்டுகளாக ஆயிரக்கணக்கானோர் இத்தாலிக்குப் போயிருக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு வர்ணகுலசூரிய, பெர்னாண்டோ இரண்டும் சேர்ந்தே குடும்பப் பெயர்க் கட்டத்தில் விழுந்துவிட்டன. மிலானில் பிறக்கும் பிள்ளைக்கு நகரசபைக் கந்தோரில் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறார்கள். ஊரில் அதன் பாட்டனார் வாழ்நாள் முழுக்க டபிள்யூ. என்ற ஒற்றை எழுத்தாக மட்டும் போட்டுக் கையெழுத்து வைத்த குலப்பெயரை, பள்ளியில் இத்தாலிய ஆசிரியை இடாப்பைப் பார்த்து முழுதாகக் கூப்பிடுகிறார்.